ஒரு குழாயும் கழியாத நாள்

அன்று காலை ஷிஃப்ட் தொடங்கியதிலிருந்து சிவப்புத் தொட்டியில் ஒரு குழாய்கூட விழவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். மாரிசெல்வி மட்டும் தொட்டியைத் திரும்பத் திரும்ப எட்டிப் பார்த்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

வல்லம் வடகாலில் இருக்கும் அந்தக் கம்பெனியில் கார் ஏசிக்கு வேண்டிய அலுமினியக் குழாய்கள் செய்கிறார்கள். வளைத்து, முனைகளைப் பற்றவைத்து, கடைசியில் ஒவ்வொரு குழாயையும் கசிவு பார்க்கும் மிஷினில் மாட்டுவார்கள். மிஷின் உள்ளே காற்றை அடைத்துப் பார்த்துவிட்டு நல்லதென்றால் பச்சை விளக்குப் போடும், கசிந்தால் சிவப்பு. சிவப்பு எரிந்த குழாய் சிவப்புத் தொட்டிக்குப் போகும். எப்பேர்ப்பட்ட நல்ல ஷிஃப்டிலும் தொட்டியின் அடி மறையும் அளவுக்காவது விழுந்துவிடும்.

மாரிசெல்விக்கு ஊர் சங்கரன்கோவில் பக்கம். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்தவள். படித்த படிப்புக்கு வேலை என்றுதான் பஸ் ஏறினாள். வந்த இடத்தில் கையுறையைக் கொடுத்து லைனில் நிறுத்திவிட்டார்கள். லைனில் உட்காரக் கூடாது, அது விதி. நாலு வருஷமாக நிற்கிறாள். படப்பையில் வேறு மூன்று பெண்களோடு ஒரு வாடகை அறை. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் ஷூவைக் கழற்றிவிட்டு, முன் சீட்டின் கம்பியில் பாதத்தை வைத்து அழுத்திக்கொள்வாள். "கம்ப்யூட்டர் வேலை எப்படிப் போகுது?" என்று அம்மா போனில் கேட்பாள். "போகுதும்மா" என்பாள் இவள். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. கசிவு பார்க்கும் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கத்தானே செய்தது.

அந்தக் கம்ப்யூட்டர்தான் போன மாதம் செத்தது. புதிதாக ஒன்று வந்து இறங்கியது. ஆனால் மிஷினை ஓட்டுகிற புரோகிராமோ யாரோ ஒருவர் என்றோ டர்போ சி என்ற பழைய சி மொழிக் கம்பைலரில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. புதுக் கம்ப்யூட்டரில் இருந்த புதுக் கம்பைலர் அதைக் கையால் தொட மாட்டேன் என்றது. அதனால் ஒரு தண்ணீர்த் தொட்டியைக் கொண்டுவந்து வைத்து, குழாயின் ஒரு முனையை அடைத்து, மறு முனையில் காற்றைக் கொடுத்து, முக்கி முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார்கள். லைன் ஆமை வேகத்தில் நகர்ந்தது.

மெயின்டனன்ஸ் பார்க்கும் இராமச்சந்திரன் கேன்டீனில் வந்து, "இங்க யாருக்காவது சி தெரியுமா?" என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்சவல்லி மாரிசெல்வியின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். அம்சவல்லி வல்லத்துக்காரி. மிஷினில் குழாய் மாட்டுவது அவள்தான்.

"இவளுக்குத் தெரியும் சார். டிப்ளமா படிச்சிட்டு என்னாண்ட வந்து நின்னுகினு கீறா."

இராமச்சந்திரன் மாரிசெல்வியைத் தலையிலிருந்து ஷூ வரைக்கும் பார்த்தார். "இத மட்டும் ஓட வெச்சிட்டேன்னா லைன விட்டு எடுத்துடறேம்மா. சிஸ்டம் ரூம். சேர் போட்டு உக்காந்து வேலை பாக்கலாம்."

சேர் என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்குக் குதிகால் இரண்டும் ஒருமுறை சிலிர்த்தன.

புரோகிராமைத் திறந்தபோது பாலிடெக்னிக் லேபின் நீலத் திரை கண்ணுக்குள் வந்து நின்றது. அவள் படித்ததும் அதே டர்போ சி-தான். முதலில் வந்தவை எழுத்துப் பிழைகள் போன்றவை. ஒவ்வொன்றாகத் தீர்த்தாள். அப்பாடா என்று மூச்சு விடும்போது லிங்கர் வந்து குறுக்கே நின்றது.

எழுதியது இலக்கணப்படி சரியா என்று பார்ப்பது கம்பைலர். எழுதியதில் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எல்லாம் உண்மையிலேயே எங்காவது இருக்கிறார்களா என்று தேடிப் பிடித்து ஒன்றாகக் கோப்பது லிங்கர். 'டிலே என்று கூப்பிட்டிருக்கிறாய், அப்படி யாரும் இங்கே இல்லை' என்றது அது. 'சவுண்ட் இல்லை, கிளியர் ஸ்கிரீன் இல்லை' என்று வரிசையாகப் புலம்பியது. டர்போ சி தன் வீட்டோடு வைத்திருந்த ஆட்கள் அவர்கள். புது வீட்டில் அவர்களை யாருக்கும் தெரியாது. மாரிசெல்வி திகைத்துப் போனாள். லேபில் இவர்களை யாரும் எழுதியதே இல்லை, கூப்பிட்டால் வந்தார்கள். கூப்பிட்டால் வருகிறவர்களுக்கு வீடு எங்கே என்று யார் கேட்டார்கள்?

வால்வையும் அழுத்தமானியையும் இயக்கும் எலக்ட்ரானிக் அட்டைக்கு வேண்டிய ஆட்களை ஒரு புது லைப்ரரியாக்கி அதை விற்றவர்களே அனுப்பிவிட்டார்கள். அதைச் சேர்த்ததும் பாதிப் புலம்பல் அடங்கியது. திரையைத் துடைக்கும் கிளியர் ஸ்கிரீனை அவளே எழுதிவிட்டாள். மிச்சம் சவுண்டும் டிலேயும்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை தோன்றியது. கான்ட்ராக்டர் செய்வதில்லையா? லைனுக்கு ஆள் குறைந்தால் தலைக்கணக்குக்கு யாரையாவது பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார். கேட்டில் பேர் சொன்னதும் ஆள் இருக்கிறதா, இருக்கிறது, உள்ளே விடு. வந்தவன் வேலை செய்வானா, கம்பத்தில் சாய்ந்து நிற்பானா என்று கேட் வாட்ச்மேனுக்கு என்ன கவலை? லிங்கரும் அப்படித்தான். பேருக்கு ஓர் ஆள் போதும். 'சவுண்ட்' என்று பேர் வைத்து உள்ளே ஒன்றுமில்லாமல் ஒரு ஃபங்ஷன் எழுதினாள். புதுக் கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கரே இல்லை, போனால் போகிறது.

டிலே என்றால் 'கொஞ்சம் பொறு' என்று கம்ப்யூட்டரை நிறுத்திவைப்பது. பாலிடெக்னிக் ப்ராஜெக்டில் அதை எதற்குப் போடுவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? 'லோடிங்' என்று எழுதிவிட்டுப் புள்ளி புள்ளியாக நகர்த்திக் காட்டுவதற்கு. உள்ளே ஒன்றும் லோடு ஆகாது. பார்க்கிற வாத்தியார் அசந்து போக வேண்டும், அவ்வளவுதான். இந்தப் புரோகிராமைத் தொடங்கும்போதும் அதே 'லோடிங்', அதே புள்ளிகள், அதே டிலே. இதை எழுதியவரும் நம்ம ஆள்தான் போல என்று சிரித்துக்கொண்டாள். டிலேயையும் உள்ளே ஒன்றுமில்லாமல் எழுதி வைத்தாள். லிங்கர் வாயை மூடிக்கொண்டது.

மறுநாள், சிவப்புத் தொட்டி காலியாகக் கிடந்த அந்த நாள், காலையில் மிஷின் ஓடியது. ஓடியதா, பறந்தது. லைன் சூப்பர்வைசர் தாண்டவராயன் வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

"யம்மா, இன்னா ஸ்பீடு! மாட்டுன கை எடுக்கறதுக்குள்ள பச்ச எரியுது. புது கம்ப்யூட்டர்னா சும்மாவா!"

இராமச்சந்திரன் விவரமானவர். வேண்டுமென்றே ஆணி அளவு ஓட்டை போட்டு வைத்திருக்கும் சோதனைக் குழாயை எடுத்துவந்து மாட்டினார். உடனே சிவப்பு எரிந்தது. "கரெக்டா புடிக்குதே!" என்றார். மாரிசெல்வியின் பக்கம் திரும்பி, "அடுத்த வாரம் ரூமுக்கு வந்துடும்மா" என்றார்.

மத்தியானம்தான் அம்சவல்லி அந்தப் பேச்சை எடுத்தாள். "ஏண்டி மாரி, அந்தாண்ட பத்தவைக்கிற பசங்க எல்லாம் சாமிகீமி கும்ட்டு திருந்திட்டானுங்களா இன்னா? தொட்டியில ஒண்ணு வுழல பாரு."

"நல்லதுதானேக்கா."

"நல்லதுதான். டீக்குப் போய்ட்டு வந்தாலும் டார்கெட்டு தாண்டிகினு போவுது. நீ ஏன் பேயறஞ்ச மேரி நிக்கிற?"

மாரிசெல்வி பற்றவைக்கும் இடத்துக்குப் போனாள். நம்பிராஜன் அவள் ஊர்ப்பக்கத்துக்காரன்.

"அண்ணே, இன்னைக்கு உங்க வேல எப்படி?"

"ஏன் கேக்க? காலைலருந்து கேஸ் ஒழுங்கா வரல, தீ ஆடுது. இன்னைக்குத் தொட்டி ரொம்பி வழியும், தாண்டவராயன் வந்து கத்துவாருன்னு காத்துக்கிட்டு இருக்கேன். ஆளையே காணோம்."

"ஒண்ணுகூட விழலண்ணே."

நம்பிராஜன் கண்ணாடியைக் கழற்றினான். "ஒண்ணுகூடவா? ஏ தாயி, அப்போ எனக்குக் கை நல்லாப் படிஞ்சிட்டுன்னு அர்த்தமா?" என்று சிரித்தான். பிறகு அவனுக்கே நம்பிக்கை வராமல் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

தீ ஆடுகிறது. குழாய் கசியவில்லை. ஓட்டைக் குழாயை மிஷின் பிடிக்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாகும்?

போன வாரம் தண்ணீரில் முக்கிக் கழித்த குழாய்கள் ஒரு மூலையில் கிடந்தன. ஒன்றை எடுத்துவந்து, "அக்கா, இத மாட்டுங்களேன்" என்றாள். பச்சை. "இன்னொரு தடவ." பச்சை.

"இன்னாடி இது, கெட்டுப்போனது தானா நல்லாயிடுச்சா?" என்றாள் அம்சவல்லி.

ஓரத்தில் ஒதுக்கியிருந்த தண்ணீர்த் தொட்டியில் அதே குழாயை முக்கினாள் மாரிசெல்வி. காற்றைத் திறந்தாள். ஒன்றுமில்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது. உண்மையிலேயே நல்லதுதானோ? எடுத்துவிடலாம் என்று கை போனது. அப்போது, பற்றவைத்த இடத்தில் கடுகளவு ஒரு குமிழி துளிர்த்தது. உடனே கிளம்பவில்லை. உட்கார்ந்து, ஊறி, கொஞ்சம் பெரிதாகி, பிறகு மெதுவாக மேலே வந்தது.

அவள் கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். ஆணி ஓட்டையில் காற்று நிற்கவே நிற்காது, உடனே தெரிந்துவிடும். ஊசி ஓட்டை அப்படியில்லை. காற்றை அடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும். பிறகுதான் அழுத்தம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க முடியும். அந்தச் சும்மா இருப்பது...

ஓடிப்போய்ப் புரோகிராமைத் திறந்தாள். நடுவில் இருந்தது. வால்வை மூடு. அழுத்தத்தைப் படி. ஏறவே இல்லையென்றால் சிவப்பு. டிலே. திரும்பவும் படி. இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் சிவப்பு. அந்த டிலே அலங்காரம் இல்லை. சோதனையே அதுதான். அதைக் காலியாக்கிவிட்டதால் மிஷின் கண்ணை மூடித் திறப்பதற்குள் இரண்டு முறையும் ஒரே எண்ணைப் படித்து, ஊசி ஓட்டைக் குழாய்களுக்கும் பச்சை போட்டுக்கொண்டிருந்தது.

திருத்துவது பெரிய வேலையில்லை. யாருக்கும் தெரியாமல் இப்போதே திருத்திவிடலாம், சேரும் கையில் இருக்கும். ஆனால் காலையிலிருந்து பச்சை வாங்கிய குழாய்கள் வெளியே லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. நம்பிராஜனின் ஆடுகிற தீயில் வந்த குழாய்கள். அவை போய் யார் யார் காரிலோ மெதுவாக, கொஞ்சங்கொஞ்சமாக ஏசி கேஸைக் கசியவிடும். யாருக்குத் தெரியப்போகிறது? எனக்குத் தெரியுமே. தெரிந்தால் என்ன? என்னவென்று அவளுக்குப் புரியவில்லை. கால்கள் மட்டும் இராமச்சந்திரனின் அறைக்கு நடந்துவிட்டன.

"சார், லாரிய நிறுத்தணும்."

"எந்த லாரி?"

"மிஷின் தப்பா பச்ச போடுது சார். நாந்தான் டிலேய காலியா விட்டுட்டேன்."

அவர் முழித்தார். "ஓட்டைய புடிச்சுதே, நான் பாத்தேனே?"

"பெரிய ஓட்டைய புடிக்கும். சின்னத புடிக்காது."

"அப்ப குழாய் தப்பா, மிஷின் தப்பா, நீ தப்பா? ஒண்ணு சொல்லு!"

"குழாயும் தப்பு சார், நானும் தப்பு. மிஷின் சொன்னதச் செய்யுது."

அவர் போனை எடுத்து, "லோடு இறக்குங்கப்பா. ஆமா, இறக்குங்க" என்றார். மறுமுனையில் தாண்டவராயன் போட்ட கத்தல் மாரிசெல்விக்கே கேட்டது.

அவசரத்தில் டிலேக்குள், புதுக் கம்பைலரில் பொறுக்கச் சொல்லும் ஸ்லீப்பை எழுதி ஓட்டினாள். மிஷின் அப்படியே உறைந்துவிட்டது. "போச்சுடா, செத்துப் போச்சு" என்று தாண்டவராயன் தலையில் கைவைத்தார். சற்றுப் பொறுத்துத்தான் மாரிசெல்விக்குப் புரிந்தது. பழைய டிலே மில்லி செகண்டில் எண்ணும், ஸ்லீப்போ முழு செகண்டில் எண்ணும். மிஷின் சாகவில்லை, சாயங்காலம் வரைக்கும் பொறுமையாக இருக்கத் தயாராக இருந்தது. ஆயிரத்தால் வகுத்துப் போட்டாள். போன வாரத்து ஓட்டைக் குழாயில் காற்று நிறைந்தது, மிஷின் சும்மா நின்றது, பிறகு சிவப்பு எரிந்தது.

இறக்கிய பெட்டிகள் எல்லாம் திரும்ப மிஷினுக்கு வந்தன. ஷிஃப்ட் முடிவதற்குள் தொட்டியின் அடி மறைந்து, மேலேயும் ஏறிவிட்டது.

"உன்னால திரும்பவும் ஒவ்வொண்ணுத்துக்கும் நின்னுகினு கீறோம்" என்றாள் அம்சவல்லி. திட்டினாளா, கிண்டல் செய்தாளா, தெரியவில்லை.

மறுநாள் இராமச்சந்திரன் லைனுக்கு வந்தார். கூடவே ஒருவர் சிஸ்டம் ரூமிலிருந்து சக்கரம் வைத்த சேரை உருட்டிக்கொண்டு வந்தார். மிஷினுக்குப் பக்கத்தில் அதை நிறுத்தினார்கள்.

"உக்காரு" என்றார் இராமச்சந்திரன். "நான் சொல்ற வரைக்கும் இந்த மிஷின விட்டு நகரக் கூடாது. ஒவ்வொரு குழாயும் பாக்கணும்."

"அப்ப ரூமு சார்?"

"முதல்ல உக்காரும்மா."

லைன் முழுவதும் திரும்பிப் பார்த்தது. இது தண்டனையா, பதவி உயர்வா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தாண்டவராயன், "லைன்ல சேரா? ரூல்ஸு இன்னா ஆவறது?" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். மாரிசெல்வி மெதுவாக உட்கார்ந்தாள். சேர் தன்பாட்டுக்குக் கொஞ்சம் பின்னால் உருண்டது. காலை ஊன்றி நிறுத்திக்கொண்டாள். அம்சவல்லி முதல் குழாயை மாட்டினாள். காற்று நிறைந்தது. இனி விளக்கு எரியும்வரை இரண்டு பேருக்கும் ஒரு வேலையும் இல்லை.