எட்வின் கழுவாத எண்ணெய்

எட்வின் போய்விட்டான் என்று அவனுடைய மகள் போனில் சொன்னபோது நான் தென்காசியில் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஈர வேட்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எழுபதுகளின் கடைசியில் மெட்ராஸில் ஐந்து பேர் தொடங்கிய ‘கதம்பம்’ குழுவில் அவன் கிதார், நான் தவில். எங்களைக் கேட்டவர்களுக்கு அவன் விரல் கம்பியில் வழுக்கும் அழகு தெரியும். அது எப்படி வந்தது என்று, தான் இருக்கும்வரை சொல்லக்கூடாதென்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தான்.

கிதாரும் தவிலும் ஒரே மேடையா என்று அன்று எங்களை யாரும் கூப்பிடவில்லை. ஒரு வருடம் பொறுத்த எட்வினின் அப்பா, ரயில்வேயில் அவனுக்கு வேலைக்குச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் சேர வேண்டும். தென்காசியில் எனக்குத் தூரத்து உறவான அரிசி ஆலை அண்ணாச்சி வீட்டுக் கல்யாண வரவேற்புதான் கதம்பத்தின் கடைசிக் கச்சேரி என்று முடிவாகியிருந்தது.

அன்று காலை அவனைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனேன். எண்ணெய் தேய்ப்பவர் அவன் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டு, “சோப்பு மட்டும் போட்றாதிய சார், அருவியே எல்லாத்தையும் எடுத்துரும்” என்றார். எழுந்து நடப்பதற்குள் அருவியில் வெள்ளம். போலீஸ்காரர் விசிலடித்து எல்லோரையும் வெளியேற்றினார். ஐந்தருவிக்கு ஓடினோம், அங்கேயும் தடை. ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும் என்று உள்ளூர்க்காரனாக நான் உறுதி சொன்னேன். அதை நம்பி மாலை வரை துண்டோடு நின்றோம். மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையேறிவிட்டார்கள். கழுவ நேரமில்லாமல் எட்வின் சட்டையில் கையைத் துடைத்தான். சட்டையும் எண்ணெயாயிற்று.

முதல் பாட்டிலேயே விரல் நிற்கவில்லை. ஓரிடத்தில் வைத்தால் இன்னோரிடத்தில் போய் விழுந்தது. அவனோ வேண்டுமென்றே செய்கிறவன்போல் கண்ணை மூடித் தலையாட்டினான். அவன் சறுக்கிய இடமெல்லாம் நானும் தவிலோடு துரத்தினேன். அண்ணாச்சி எழுந்து மேடைக்கே வந்தார். மானம் போயிற்று என்று நினைத்தேன்.

“ஏலே, இந்தப் பய கிதார்ல நம்ம நாயனத்தையில்லா வாசிக்கான். இன்னொருக்கா வாசிக்கச் சொல்லு” என்றார்.

என்ன வாசித்தோம் என்று எங்களுக்கே தெரியாது. இருந்தாலும் வாசித்தோம். பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு வந்து நின்று கேட்டார்கள். ராயகிரிக்காரர் ஒருவர் அங்கேயே தன் மகள் கல்யாணத்துக்கு எங்களைப் பேசிவிட்டார். எட்வின் வேலையில் சேரவில்லை. எண்ணெய் இல்லாமல் அதே தப்பைச் செய்யப் பழக அவனுக்கு இரண்டு வருடம் பிடித்தது. அதற்குள் மெட்ராஸில் அரங்குகள் நிறையத் தொடங்கின. மேற்கும் கிழக்கும் கலந்த புதுப் பாணி என்று ஒரு விமர்சகர் எழுதியதைப் படித்துவிட்டு, “செக்குல ஆட்டிக் கலந்ததுன்னு சொல்லிடாதடா” என்றான்.

அன்று ஏன் நிறுத்தவில்லை என்று போன வருடம்தான் கேட்டேன். நான்தான் அவனை நம்பித் தவிலை அடித்தேன் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

“நீ விடாம அடிச்சிக்கிட்டே இருந்தியேடா, நான் எப்படி நிறுத்தறது?” என்றான்.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பதில்தான். இப்போது அவன் நிறுத்திவிட்டான். நான் எப்படி நிறுத்துவது என்று யாரைக் கேட்பேன்?