பதினேழாம் நம்பர் பீப்பாய்

மலர்க்கொடிக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது படிப்பும் இல்லை, யார் சிபாரிசும் இல்லை, அவளுடைய மூக்கு. அது வெறும் மூக்கு இல்லை. லோடு வண்டி ஓட்டும் அவள் புருஷன் மணிமாறன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, வழியில் எந்தக் கடையில் பரோட்டா தின்றான் என்று உள்ளேயிருந்து சொல்லிவிடுவாள். அவன் மறுத்துப் பார்த்ததெல்லாம் கல்யாணமான முதல் வருஷத்தோடு சரி.

அந்த மூக்கைத் தீட்டியது செட்டிகுளத்துச் சின்ன வெங்காயம். பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய், பதினோரு வருஷம் ஒரு மண்டியில் வேலை பார்த்தாள். அறுவடையான வெங்காயத்தை விலை ஏறும்வரை மூங்கில் தட்டிகளுக்கு நடுவே குவித்து மூடி வைப்பார்கள், பட்டறை என்பார்கள். உள்ளே ஒரு கை வெங்காயம் அழுக ஆரம்பித்தாலும் மலர்க்கொடி வெளியே நின்றே இடத்தைக் காட்டுவாள். மண்டிக்காரர் அதற்காக அவளை ஊர் முழுக்கப் புகழ்ந்துகொண்டிருந்தார், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடைவரை.

அந்தக் கோடையில் மேற்கு ஓரத்துப் பட்டறையைப் பிரித்தபோது எடை குறைந்திருந்தது. வெங்காயம் காய்ந்தால் கொஞ்சம் குறையும், அது எல்லோருக்கும் தெரியும். இது கொஞ்சம் இல்லை. தராசில் ஏறும்போதே மலர்க்கொடிதான் கண்டுபிடித்து, ஓடிப் போய் மண்டிக்காரரிடம் சொன்னாள். அவர் பத்துப் பேர் முன்னிலையில் கேட்டார், குறைந்திருக்கிறது என்று உனக்கு முதலில் எப்படித் தெரிந்தது என்று. அவ்வளவுதான். பதினோரு வருஷம் உழைத்தவளை நிற்கவைத்துத் திருடியாக்க அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது அந்தப் புண்ணியவானுக்கு.

அவர் கேட்டதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அழுது முடித்ததும் மணிமாறன் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக, கோபமே இல்லாமல் கேட்டான்: "நெசமாவே நீ எடுக்கலதானே?"

அதற்கப்புறம் அவன் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. நல்ல மனுஷன்தான். ஆனால் கேட்டது கேட்டதுதான். அவள் அதன் பிறகு செட்டிகுளம் பஸ்ஸில் கால் வைக்கவில்லை. பங்குனி உத்திரத்துக்கு மலைக்கோயிலுக்குக்கூடப் போகவில்லை. இன்னொன்றையும் மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்: எங்கேயாவது ஏதாவது குறைந்திருந்தால், அதைக் கண்டுபிடித்துச் சொல்பவளாகத் தான் இருக்கக் கூடாது.

குன்னம் ரோட்டில் பழைய மக்காச்சோளக் குடோன் ஒன்றைப் புதிதாக ஒரு கம்பெனி எடுத்தது. மேனேஜர் பிரேம்குமார், முப்பத்தைந்து வயது, வெளிநாட்டில் போய்ப் படித்துவிட்டு வந்தவர். வேலைக்கு வந்தவர்கள் முன்னால் ஐந்து கண்ணாடித் தம்ளர்களை வைத்து மோந்து பார்க்கச் சொன்னார். மற்றவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். மலர்க்கொடி மூன்றாவதைக் காட்டி, இதில் மட்டும் நனைந்த சாக்கு வாசனை வருகிறது என்றாள். மறுநாளே வேலை.

சொந்தக்காரர்களிடம் மக்காச்சோளக் கம்பெனியில் வேலை என்று சொல்லி வைத்தாள். பொய் இல்லை. மக்காச்சோளம் உள்ளே போகிறது. வெளியே வருவது விஸ்கி என்பதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அவள் வேலை பீப்பாய் அறையில். அமெரிக்காவிலிருந்து வந்த ஓக் மரப் பீப்பாய்கள் நாற்பத்திரண்டு, படுக்கை வசத்தில் வரிசையாகக் கிடக்கும். கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி கம்பெனியிடம், இன்னொன்று கலால் அதிகாரியின் ஆளிடம். காலையில் இரண்டையும் திறந்ததும் மலர்க்கொடி டார்ச்சோடு உள்ளே போய், எதிலாவது ஒழுகுகிறதா, பூஞ்சை வாடை வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வருவாள். பீப்பாய் வாய்கள் எல்லாம் அரக்கு வைத்து சீல் அடித்தவை. மூன்று வருஷம் கழித்துத்தான் திறப்பார்கள்.

பிரேம்குமாருக்கு உற்சாகம் வந்தால் பாடம் நடத்துவார். காய்ச்சி இறக்குவது ஒரு வார வேலைதான் அக்கா, மீதி மூன்று வருஷமும் மரம் செய்கிற வேலை என்பார். பீப்பாயின் உட்பக்கத்தைத் தீயில் கருக்கியிருப்பார்கள். பகல் சூட்டில் சாராயம் மரத்துக்குள் ஏறும், சூடு தணிந்தால் திரும்பும். திரும்பும்போது நிறத்தையும் இனிப்பையும் வாசனையையும் கொண்டுவரும். குளிர்நாட்டில் பன்னிரண்டு வருஷம் ஆவது நம் வெயிலில் மூன்று வருஷத்தில் ஆகிவிடும் என்று பெருமையாகச் சொல்வார். ஒரு பாட்டில் அவளுடைய இரண்டு மாதச் சம்பளத்துக்கு விற்குமாம். இவ்வளவும் சொன்ன அந்தப் படித்த மனுஷர், முக்கியமான ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அவருக்கு அது மூச்சு விடுவதுபோலத் தெரிந்த விஷயம். அடுத்தவருக்குத் தெரியாமல் இருக்கும் என்றே தோன்றவில்லை.

முதல் வருஷ முடிவில் ஒருநாள், துடைக்கும்போது பதினேழாம் நம்பர் பீப்பாயின் முகத்தை விரல் முட்டியால் தட்டினாள். எண்ணெய் டின்னில் எவ்வளவு இருக்கிறது என்று எல்லோரும் தட்டிப் பார்ப்பதுதானே. மேலே காலிச் சத்தம் கேட்டது. கீழே தட்டிக்கொண்டே வந்தாள். நான்கு விரல் அளவு கீழே வந்த பிறகுதான் சத்தம் கனத்தது.

வாய்வரை நிரப்பியதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். தரையில் ஈரம் இல்லை. சீல் அப்படியே இருந்தது. பக்கத்துப் பீப்பாயைத் தட்டினாள், அதிலும் குறைவு. எல்லாவற்றிலும் குறைவு. மேற்குச் சுவரை ஒட்டிய பதினேழில் எல்லாவற்றையும்விட அதிகம்.

யாரோ எடுக்கிறார்கள். தினமும் உள்ளே போய்வருவது யார்? அவள்தான். வேறு யாரைக் கேட்கப்போகிறார்கள்? இந்தத் தடவை மண்டிக்காரர் இல்லை. அரசாங்கம், போலீஸ், ஜெயில். அதைவிட, திருச்சியில் நர்சிங் படிக்கும் மகள் அபிநயாவின் காலேஜில் யாராவது சொன்னால், உங்கம்மா சாராயம் திருடிப் பிடிபட்டுதாமே என்று. அதையும் விட, மணிமாறன் மறுபடி பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டால்.

பிரேம்குமாரிடம் சொல்லியிருக்கலாமே என்று நமக்கு இப்போது லேசாகத் தோன்றும். சொன்னதற்குக் கிடைத்த பரிசை ஒருமுறை பார்த்தவளுக்கு நாக்கு எழவில்லை.

நாள் முழுக்க உற்றுப் பார்த்ததில், பலகைகள் சேரும் இடத்தில் லேசான கறுப்புக் கசிவு தெரிந்தது. மூக்கை வைத்தாள், மரத்தின் வழியாகவே வாசனை வந்துகொண்டிருந்தது. மலர்க்கொடிக்கு உயிர் வந்தது. திருட்டு இல்லை, கசிவு. கசிகிற பானைக்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் மெழுகுவத்தியை உருக்கி, ஆமணக்கெண்ணெய் சேர்த்துக் குழைத்து, டிபன் டப்பாவின் மேல்தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். கேட்டால் குதிகால் வெடிப்புக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். மோசமாக இருந்த பதினேழில் ஆரம்பித்து, தினம் ஒரு கை அகலம், துடைக்கும் துணியாலேயே அழுத்தித் தேய்த்தாள். ஒரு பலகை விடாமல் பூசி முடிக்க மூன்று மாதம் ஆயிற்று. அதற்கப்புறம் அதன் சத்தம் அநேகமாக இறங்கவே இல்லை.

பதினெட்டைத் தொடங்கலாம் என்றிருந்த வாரம் கூரைக்குக் கீழே கேமரா மாட்டிவிட்டார்கள். எல்லாப் பீப்பாய்க்கும் பாதுகாப்புக்குத்தான் அக்கா என்றார் பிரேம்குமார். அவர் சாதாரணமாகச் சொன்னது அவளுக்கு, உன்மேல் கண் இருக்கிறது என்று கேட்டது. டப்பாவைக் கொண்டுவருவதை நிறுத்தினாள். தட்டுவதை மட்டும் நிறுத்த முடியவில்லை. துணியை விரலில் சுற்றிக்கொண்டு, துடைப்பதுபோலத் தட்டுவாள். ஒரு சாண். ஒரு சாணும் நான்கு விரலும். அடுத்த கோடையில் இன்னும் கீழே. இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. போலீஸ் ஜீப் ரோட்டில் வேறு எங்கேயோ போனால்கூட துடைப்பதை விட்டுவிட்டு வாசலைப் பார்ப்பாள்.

திறக்கும் நாளும் வந்தது. கலால் அதிகாரி லீலாவதி, கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண்மணி, பத்து மணிக்கு வந்து இறங்கினார். முன்தினம் லீவு கேட்கலாமா என்று மலர்க்கொடி யோசித்தாள்; ஓடிப்போனதாக நினைப்பார்கள் என்று பயந்து வந்துவிட்டாள். பிரேம்குமார் சீலை உடைத்து, அளவுகோலை விட்டு எடுத்துக் காட்ட, அதிகாரி ஏட்டில் எழுதினார்.

முதல் பீப்பாய்: கால்வாசிக்கு மேல் குறைந்திருந்தது. இப்போது கேட்பார்கள் என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை. இரண்டாவதும் அப்படியே. ஐந்து, எட்டு, பன்னிரண்டு. பேசாமல் எழுதிக்கொண்டே போனார்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கடைசியில் கேட்பதற்காகத்தான் இப்படிப் பேசாமல் இருக்கிறார்கள் என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. பதினேழு வரட்டும், அதிலாவது இவ்வளவு போயிருக்காது, அதைப் பார்த்தாவது இரக்கம் வரும் என்று நினைத்துக்கொண்டாள்.

பதினேழில் கோலை விட்டு எடுத்த பிரேம்குமார் நின்றார். மறுபடி விட்டுப் பார்த்தார். மற்றவற்றில் போனதில் பாதிகூட இதில் போகவில்லை. லீலாவதி முதன்முறையாகப் பேனாவைக் கீழே வைத்தார்.

"இது மட்டும் ஏன் கொறையல? யாராவது தண்ணி ஊத்தியிருக்காங்களா?"

மலர்க்கொடிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இதுவரை திறந்த பதினாறு பீப்பாயிலும் கொள்ளை போயிருக்கிறது, அதைக் கேட்காமல், போகாததைக் கேட்கிறார்களே. பிரேம்குமார் கண்ணாடிக் குழாயில் எடுத்துச் சரக்கின் கடுமையைச் சோதித்தார். தண்ணீர் கலக்கவில்லை, சீலும் உடையவில்லை என்றார். பிறகு பீப்பாயின் மேல் கையை வைத்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்; பிசுபிசுப்பு. அதை மோந்து பார்த்துவிட்டு, மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

"நாந்தான் சார்," என்றாள் மலர்க்கொடி. "நாந்தான் மெழுகு பூசுனேன். ஆனா நான் ஒரு சொட்டு எடுக்கல சார். எம்புள்ள மேல சத்தியமா எடுக்கல."

அப்புறம் எல்லாம் வந்துவிட்டது: தட்டியது, நான்கு விரல், ஒரு சாண், டிபன் டப்பா, கேமரா. பிரேம்குமாரின் முகம் மாறியது. சிரிப்பார் என்று எதிர்பார்க்கலாம், அவர் சிரிக்கவில்லை. இரண்டு வருஷமாக ஒருத்தி தன் கண்ணெதிரே செத்துப் பிழைத்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பதினாறில் கொஞ்சம், பதினேழில் கொஞ்சம் இரண்டு தம்ளரில் எடுத்து அவளிடம் நீட்டினார். மோந்து பாருங்க அக்கா என்றார்.

வாங்கி மோந்தாள். பதினாறில் சுட்ட சோளக்கதிர், வெல்லப்பாகு, வெயிலில் காய்ந்த தேங்காய்ப் பருப்பு, கடைசியில் மெல்லிய கரிப்புகை. ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. பதினேழில் நிறம் இருந்தது. வாசனை, ஊற்றிய அன்றைக்கு இருந்த அதே பச்சைக் காரம்.

"இது இன்னும் ஆகல சார்," என்றாள்.

பிரேம்குமார் தலையாட்டினார். "மரம் மூச்சு விடணும் அக்கா. விட்டா கொறையும். வருசத்துக்குப் பத்துல ஒரு பங்கு தன்னால ஆவியாப் போயிடும், யாரும் எடுக்க வேணாம். அது போனாத்தான் மிச்சம் இருக்கறதுக்கு மணம் வரும். நான் சொல்லியிருக்கணும், என் தப்பு."

லீலாவதியும் சொன்னார். எவ்வளவு குறையலாம் என்று கணக்கே இருக்கிறதாம்; அதற்காகத்தான் கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டு போனாராம். சீலைத் தொடாததால் கேஸ் இல்லை, இனிமேல் எதுவானாலும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னார். மெழுகைச் சுரண்டிவிட்டுப் பதினேழை இன்னும் இரண்டு வருஷம் போட்டுவைப்பதாக முடிவாயிற்று. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் மலர்க்கொடிக்கே.

அவள் நகரவில்லை. தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"மேக்கால செவுரு ஓரமா இருந்தா இன்னும் சாஸ்தியா கொறையுமா சார்?"

ஆமாம், அங்கேதான் சூடு அதிகம் என்றார் அவர்.

மலர்க்கொடிக்கு அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. ஒன்பது வருஷத்தில், அந்த மேற்கு ஓரத்துப் பட்டறையில் நாம் கண் அசந்த நேரத்தில் யாராவது அள்ளியிருப்பார்களோ, நம்மேல்தான் தப்போ என்று அவளே பல தடவை தன்னைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு லீலாவதியிடம் போனாள்.

"மேடம், இப்ப சொன்னத ஒரு பேப்பர்ல எழுதித் தருவீங்களா? மூடி வச்சிருந்தாலும் தன்னால கொறையும், யாரும் எடுக்கலன்னு."

எதற்கு என்று அவர் கேட்டார். வீட்டுக்காரரிடம் காட்ட வேண்டும் என்றாள். அவர் ஒருதடவை ஒன்று கேட்டார், அதற்கு இன்னும் சரியாகப் பதில் சொல்லவில்லை என்றாள்.

லீலாவதி ஆபீஸ் ஏட்டில் கை வைக்காமல், தன் சொந்த டைரியிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்.

"என்னம்மா போடட்டும், சாராயம்னா, விஸ்கின்னா?"

"வெங்காயம்னு போடுங்க மேடம்."