நண்டு போன ஊருக்கு

“தம்பி, அந்தக் காசை அவருக்குக் குடுக்காதீங்க. இஞ்சால தாங்க, நான் கார்ட் போடுறன்.”

மட்டக்களப்பு நகரத்து இரும்புக் கடையில் யாரோ ஒருவர் பெயின்ட் வாங்கிவிட்டுப் பணப்பையைத் திறந்ததுதான் தாமதம், ஜோசப்பின் என்ற அந்தப் பெண் இடையில் புகுந்துவிட்டாள். அவர் விழித்துக்கொண்டு நிற்க, அவள் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, வியாபாரத்துக்கென்று வங்கி கொடுத்த கடனட்டையை மிஷினில் வைத்தாயிற்று. அவருடைய நோட்டுகள் இவள் கைப்பைக்குள் போயின. பொயின்ட் மட்டும் அட்டையில் ஏறியது. “உங்களுக்கு ஒரு சதமும் நட்டமில்ல, எனக்கு ஒரு முழம் வானம்,” என்று பெரிதாகச் சிரித்தாள்.

ஜோசப்பின் மாங்கேணியில் நண்டு வியாபாரி. களப்பில் பிடிபடும் நண்டுகளைக் கொடுக்குக் கட்டி, வெள்ளை றெஜிபோம் நுரைப் பெட்டிகளில் அடுக்கி, ‘உயிருடன் உள்ளது, கவனம்’ என்ற சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிக் கொழும்பு லொறியில் ஏற்றுவாள். அங்கிருந்து அவை விமானத்தில் சிங்கப்பூர் போகும். வருடக்கணக்காக இதுதான் பிழைப்பு. அவள் கட்டிய நண்டெல்லாம் பறந்துவிட்டன. அவள் மட்டும் கட்டுநாயக்கா விமான நிலைய வாசலோடு திரும்பி வருகிறாள். “நண்டுக்குக் குடுத்து வச்சிருக்கு. எனக்கு இல்லயா?” என்று பெட்டிகளைப் பார்த்துக் கேட்பாள்.

அட்டையில் செலவழித்தால் பொயின்ட் சேரும், பொயின்ட் சேர்ந்தால் விமான டிக்கட் வரும் என்று வங்கியில் வேலை செய்யும் டினுஷா ஒருநாள் சொல்லிவைத்தாள். அன்று பிடித்தது பைத்தியம். டீசல், ஐஸ், பெட்டி எல்லாம் அட்டையில்தான். ஆனால் பெரிய செலவு நண்டுக்கல்லவா? தோணியில் வருகிறவனிடம் கார்ட் மிஷினுக்கு எங்கே போவது!

அதற்கும் வழி கண்டுபிடித்தாள். வலைக்கும் எஞ்சினுக்கும் வியாபாரியிடம் முற்பணம் வாங்கி, அதை நண்டாகக் கழிப்பது அந்தக் கரையின் வழக்கம். ஜோசப்பின் முற்பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். “காசு தரமாட்டன். கடைக்கு வாங்க, வேண்டித் தாறன்.” ஊரில் பாதி வலை அவள் அட்டையில் வாங்கியது. தவணை நாளில் வங்கிக்கு முதல் ஆளாகப் போய் முழுவதையும் கட்டிவிடுவாள். “வட்டி கட்டத் தொடங்கினா மறுகா பறக்கிறது நானில்ல, பேங்க்காரன்.”

மடங்காத ஒரே ஆள் கதிரவெளித் தோணிக்காரர் கந்தப்போடி. அவருக்குப் புது எஞ்சின் வேண்டும். ஆனால் பணத்தைக் கையில் எண்ணித் தந்தால்தான் சரி. “கண்ணால காணாத காசு என்ன காசு?” என்பார். இந்த முறை ஜோசப்பினுக்கும் அந்த எஞ்சின்தான் உயிர். பழைய பொயின்ட்கள் மாதக் கடைசியோடு செத்துப்போகும். டிக்கட்டுக்குக் குறைவதோ சரியாக ஒரு எஞ்சினளவு. கதிரவெளிக்கு நடையாய் நடந்தாள். விலைக்கழிவு சொன்னாள், உத்தரவாதம் சொன்னாள். காரணத்தை மட்டும் சொல்லவில்லை. நகரத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் அளந்து தள்ளுகிற ஆசையை ஊரில் அவள் மூச்சுவிட்டதில்லை. இந்த வயதில் பிளேன் ஆசையா என்று சிரித்துவிடுவார்களே என்ற வெட்கம்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் பொறுக்க முடியாமல் கரையில் நின்றே கொட்டிவிட்டாள். “கந்தப்போடியண்ணன், எனக்கு ஒருக்காப் பிளேன் ஏறணும். அதுக்குத்தான் இவ்வளவு கெஞ்சிறன்!”

கந்தப்போடி சிரிக்கவில்லை. வாயைப் பிளந்தார்.

“அப்ப நான் பிடிச்ச நண்டெல்லாம் பிளேன்லயா போகுது? இதை முதலே சொன்னா என்ன புள்ள! நில்லு, சேட்டப் போட்டுட்டு வாறன்.”

கடையில் எஞ்சினைத் தட்டிப் பார்த்து, தூக்கிப் பார்த்து, ஒருவழியாகத் தலையாட்டினார். அட்டையை வைத்ததும் மிஷின் யோசித்தது. ஜோசப்பின் சிலுவை போட்டுக்கொண்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று கந்தப்போடியும் கும்பிட்டார். பற்றுச்சீட்டு கரகரவென்று வெளியே வந்தது.

“போய்ப் பாத்துட்டு வந்து சொல்லணும்,” என்றார் அவர். “நம்மட நண்டை அவனுகள் எப்பிடித் தின்றானுகள் எண்டு.”

சிங்கப்பூர் டிக்கட் போனில் வந்து விழுந்தபோது ஜோசப்பின் போட்ட கூச்சலில், கொட்டிலில் நண்டு கட்டிக்கொண்டிருந்த பெண்கள் கொடுக்கை விட்டுவிட்டு எழுந்துவிட்டார்கள். என்ன சந்தோசம்! பயண நாளன்று புதுப் பெட்டியைப் பூட்டினாள். மனம் ஆறாமல் நண்டுக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிக் கட்டினாள். பிறகு சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்தெடுத்துப் பெட்டியில் ஒட்டப் போனவள் ஒரு கணம் நின்றாள். அதைத் தன் சட்டையின் நெஞ்சிலேயே ஒட்டி, ஓரம் கிளம்பாதபடி உள்ளங்கையால் அழுத்தித் தடவிவிட்டு, லொறியில் ஏறி உட்கார்ந்தாள்.