மாதாவின் கூண்டுக்குப் பின்னால் ஒரு காற்று

எல்மர் அஞ்சுண்டியாவுக்கு வாய்த்த மாமனார் எங்கள் கேப்டன். இதைச் சொன்னாலே அவன் பட்ட பாட்டில் பாதி விளங்கிவிடும்.

மாந்தா துறைமுகத்துச் சூரை மீன் கப்பல் எங்களுடையது. நான் சமையல்காரன். கப்பலை ஓட்டும் அறையின் கூரைமேல் சின்ன ஹெலிகாப்டர் ஒன்று நிற்கும். மீன் கூட்டத்தைத் தேடிப் பறந்துவிட்டு, ஓடுகிற கப்பலிலேயே திரும்ப வந்து இறங்கும். கையைக் காட்டி அதை இறக்குவதும், இறங்கியதும் பட்டை போட்டுக் கட்டுவதும் எல்மரின் வேலை.

அந்தப் பயணத்தில் கேப்டன் தெயோஃபிலோ ஒரு நேர்த்திக்கடனைத் தீர்த்தார். இறங்குதளத்தின் முன்விளிம்பில் ஆளுயரப் பலகைக் கூண்டு கட்டி, உள்ளே மாதா சிலையை வைத்தார். அன்றிலிருந்து ஹெலிகாப்டர் இறங்கும் கடைசி நேரத்தில் ஒரு பக்கமாகத் தடாலென்று விழ ஆரம்பித்தது. ஒருமுறை எல்மரின் தலை தப்பியதே பெரிய விஷயம். பைலட் பழியை எல்மரின் கைமேல் போட்டார். மாமனாரும் நம்பிவிட்டார்.

“மாப்ளே, நீ மாந்தாவுல இறங்கிக்க. எம் மவளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்.”

பாவம், அவன் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். சுட்ட வாழைக்காயும், அதன்மேல் தூவிக்கொள்ளக் கடலையும் சோளமும் சேர்த்து அரைத்த சால்பிரியேத்தாப் பொடியும் மேலே கொண்டுபோனேன். எல்மர் கூண்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வாழைக்காய்மேல் பொடியைத் தூவினான். எதிர்காற்றில் பின்னால் பறக்க வேண்டிய பொடி முன்னால் போய்க் கூண்டில் ஒட்டியது. இன்னொரு சிட்டிகை தூவினான். அதுவும் அப்படியே. வாழைக்காயைப் போட்டுவிட்டு மாமனாரைக் கூட்டிவர ஓடினான்.

கேப்டன் கூண்டில் சாய்ந்து, எங்களைப் பார்த்து நின்றார். எல்மர் கைநிறையப் பொடி அள்ளினான்.

“மாமா, கப்பல் ஓடுது. வீசினா இது எம் மூஞ்சிலதான வந்து விழணும்? விழுந்துச்சுன்னா நானே இறங்கிடறேன்.”

வீசினான். அத்தனையும் கேப்டனின் மீசையில்.

கூண்டைத் தாண்டி ஏறும் காற்று பின்னால் சுருண்டு விழுந்து எதிர்த்திசையில் திரும்புகிறது, அந்தச் சுழலில்தான் ஹெலிகாப்டர் மாட்டுகிறது என்று எல்மர் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தான். கேப்டன் மீசையை நக்கினார். என்னைப் பார்த்து, “உப்பு கம்மி” என்றார்.

பிறகு மாதாவைத் தானே தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார். நாங்கள் கூண்டைப் பிரித்தோம். சாயங்காலம் ஹெலிகாப்டர் அடைகாக்கப் போகும் கோழிபோலப் பதமாக உட்கார்ந்தது. பட்டைகளைக் கட்டி முடித்துவிட்டு எல்மர் அழுதான். சந்தோஷத்தில் நானும்தான்.

மாதா இப்போது என் அடுப்படியில் இருக்கிறாள். கும்பிட வேண்டுமென்றால் கேப்டன் அங்கேதான் வர வேண்டும். முதல் நாள் நெடுநேரம் கும்பிட்டார். போகும்போது வாசலில் நின்றார்.

“மாப்ளைக்கு ஒரு துண்டு மீன் கூட வை. நான் சொன்னேன்னு சொல்லாத.”

அன்றைக்கே சொல்லிவிட்டேன்.