ஈசானியத்தில் கிணறு, வாயு மூலையில் தொட்டி

ரிப்போர்ட் வந்த அன்று என் கிணற்றடியில் இருந்தவர்கள்: தண்ணீரைப் பரிசோதித்த கல்லூரிப் பெண். டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த அவள் தோழி. கிழக்கு வீட்டுக்காரர், ரிட்டயர்டு கிளார்க். நான். என் மனைவி இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

வேங்கிக்காலில் எங்கள் தெரு புதிது. அதில் பாதி வீடுகள் மேஸ்திரியாக நான் கட்டியவை. வாஸ்துப்படி கிணறு வடகிழக்கில், ஈசானிய மூலை; கக்கூஸ் தொட்டி வடமேற்கில், வாயு மூலை. மனைக்கு மனை அதைத் தவறவிட்டதில்லை. இரண்டு மனையைச் சேர்த்து யாரும் பார்க்கவில்லை, நானும்தான். சுவருக்கு இந்தப் பக்கம் என் ஈசானியம். அந்தப் பக்கம் கிளார்க்கின் வாயு மூலை.

"கிணத்துக்கும் தொட்டிக்கும் எட்டடிதாங்க இருக்கு," என்றாள் பரிசோதித்த பெண். "தொட்டிக்கு அடித்தளம் போட்டிருக்கா?"

"இல்லம்மா. தண்ணி மண்ணுல எறங்கிட்டா சீக்கிரம் ரொம்பாது. எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க."

"அதான் நைட்ரேட் இவ்ளோ ஜாஸ்தி."

கிளார்க் சிரித்தார். "மேஸ்திரி வூட்டுத் தண்ணில டீ நல்லா இருக்கும்னு தினம் வந்து குடிச்சேனே."

"உங்க வூட்டுத் தண்ணிதான் சார், திரும்ப வந்திருக்கு," என்றேன்.



அந்தப் பெண்ணிடம் நான் ஒன்றுதான் கேட்டேன். ஆரணியிலிருந்து மகள் முதல்முறையாகக் குழந்தையோடு வருவதாக இருந்தது. ஒரு மாசம் இருப்பாள். குழந்தைக்குப் புட்டிப்பால்.

"காய்ச்சிக் கொடுத்தா?"

"போகாதுங்க. தண்ணி சுண்டச் சுண்ட ஜாஸ்திதான் ஆகும். கைக்குழந்தைக்கு இது வேணாங்க."

மகளிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். டெலிபோன் பூத்துக்குப் போய்ச் சொன்னேன்.

"வேற எடத்துல தண்ணி தூக்கியாறேம்மா," என்றேன்.

அவள் போனைக் கட் பண்ணாமல் வைத்துவிட்டுத் தன் வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு வந்தாள்.

"அவரு வேணாங்குறாருப்பா. கொழந்த கொஞ்சம் பெருசாகட்டும்."

"சரிம்மா."

"நீ அதையே குடிக்கிறியேப்பா."

"பெரியவங்களுக்கு அவ்வளவா ஒண்ணும் ஆவாதாம்."

வீட்டுக்கு வந்தேன். தூளிக்காக உத்திரத்தில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி வைத்தேன். பிறகு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன். அடித்தளம் போடாமல் நான் கட்டிய தொட்டிகளை எண்ணிக்கொண்டே போனேன். என்னுடையதையும் சேர்த்து.

பதினேழு.