தெருவைத் தாண்டாத மணி

எங்கள் கூடத்தில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே நாலு காலில் தவழ்ந்துகொண்டிருந்தார் ஏசுபாதம். ஐம்பத்தெட்டு வயது மனிதர். திருடன் நுழைந்தால் அடிக்கவென்று அவர் சுவரில் பொருத்திய மணி மூச்சுவிடவில்லை. "பாத்துக்கினியா சார், பூனைக்கு அடிக்கல" என்று எழுந்து நின்றார். உடனே மணி ஊரைக் கூட்டியது. அவருக்கு முகமெல்லாம் பல்.

கருங்குழிக்காரர். பெற்றோர் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவர் படித்து, கடலோர ஆராய்ச்சி நிலையத்தின் பௌதிக ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சூட்டை எட்ட இருந்தே உணரும் ஒரு படிகத்தோடுதான் அங்கே அவர் வாழ்க்கை போயிற்று. தொண்ணூற்றாறில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கேளம்பாக்கத்தில் எங்கள் எதிர்வீட்டில் அதையே வியாபாரமாக்கினார். ஆள் நுழைந்தால் எரியும் விளக்கு, ஆள் நடந்தால் அலறும் மணி. கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைக்க முளைக்க, சரக்கும் ஓடியது.

ஆனாலும் வியாபாரம் என்றால் அலுத்துக்கொள்வார். "லேபுல துளி சூடு தப்பக்கூடாதுன்னு வருசக்கணக்கா மல்லுக்கட்னோம் சார். வெளிய வந்தா, பல்லிக்கு அடிக்குதுன்னு ஒரே பேஜாரு. பாதி குருடாக்கித்தான் விக்கவேண்டிகீது."

அப்படிக் குருடாக்காமல் அவர் வைத்திருப்பது ஒரே ஒரு கருவி. அது அவர் வீட்டு உள்ளறையில், மனைவி ரூத்தின் கட்டிலுக்கு மேலே இருக்கிறது. போன வருஷம் வந்த பக்கவாதத்தில் ரூத்துக்குப் பேச்சும் வலது பக்கமும் போய்விட்டன. வலது கையில் ஒரு அசைவு தெரிந்தால் போதும், மீதியைத் தான் பார்த்துக்கொள்வதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்தக் கையை மட்டும் பார்க்கும்படி கருவிக்கு ஒரு அட்டைக் குழாய் மாட்டிவிட்டார் இவர். விரல் அசைந்தால் இவர் சட்டைப் பையில் சின்ன மணி அடிக்க வேண்டும்.

கம்பியில்லாத மணி. தெருவைத் தாண்டினால் எட்டாது. அதனால் அவரும் தாண்டுவதில்லை. அடுக்குமாடி கட்டுகிறவர்கள் நேரில் வரச்சொன்னால் உதவியாளர் பொன்னியை அனுப்பிவிடுவார். திருவிடந்தையில் தம்பி மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை. "கோச்சிகினா கோச்சிகிட்டும் சார். நான் அந்தாண்ட போன நேரம் பாத்து அவ கை அசைஞ்சிட்டா?" என்றார்.

அன்றைக்குத் தவழ்ந்து காட்டி முடித்து, எங்கள் வீட்டுக் காப்பியை அவர் வாயில் வைத்ததும் சட்டைப் பை அலறியது. டம்ளரை எங்கே வைத்தாரோ, செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

ரூத் விழித்துத்தான் இருந்தார். வலது கை வைத்த இடத்திலேயே கிடந்தது. கடல்காற்றில் சன்னல் திரை விலகி, மாலை வெயில் அந்தக் கைமேல் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சூட்டுக்குத்தான் மணி அடித்திருக்கிறது.

"கொஞ்சம் குறைச்சு வைக்கக் கூடாதா?" என்றேன், மனசு கேட்காமல்.

"ஊருக்குக் கொறைப்பேன் சார். இவளுக்கு மாட்டேன்" என்று திரையை இழுத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொள்வதுபோல் துண்டால் மூடிக்கொண்டார்.

ரூத் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையை நீட்டி, உயிரில்லாத வலது கையின் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாகத் தூக்கி, அவருக்காக ஆட்டினார்.