கல்லைக் காட்ட ஓர் ஆள்

பித்தப்பையில் கல் என்று டாக்டர் சொன்னபோது எனக்குப் பயம் வரவில்லை. "அட்மிட் ஆகும்போது கூட யாரு இருப்பாங்க?" என்று அடுத்துக் கேட்டார் பாருங்கள், அப்போதுதான் வந்தது.

எங்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டிடம் வந்துவிட்டது. லிஃப்ட், பளபளக்கும் தரை, உறை பிரிக்காத மெத்தைகள். கட்டில்கள் வந்த வேகத்தில் நர்சுகள் வரவில்லை. பழைய கட்டிடத்தில் இருந்தவர்களையே இங்கும் அங்குமாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதனால் பாத்ரூமுக்குக் கூட்டிப்போக, டிரிப்ஸ் தீர்ந்தால் ஓடிப்போய்ச் சொல்ல, ஒவ்வொரு நோயாளிக்கும் வீட்டு ஆள் ஒருவர் வேண்டும். ஆள் இல்லையென்றால் ஆபரேஷன் இல்லை. நானோ கல்யாணம் செய்துகொள்ளாதவள், கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லாதவள், சேலையூரில் ஒரு இரண்டாவது மாடியில் தனியாகக் கிடக்கும் ரிட்டயர்டு டைப்பிஸ்ட். ஆளுக்கு எங்கே போவேன்? "ஆளோட வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து போனில் இருந்த பெயர்களை எல்லாம் பார்த்தேன். ஒருவரையும் கூப்பிடவில்லை. நான் கேட்டு அவர்கள் இழுத்தால், அதைத் தாங்க என்னால் ஆகாது.

வலி பொறுக்காமல் மறுபடியும் தனியாகவே போய், வார்டில் காலியாக இருந்த ஒரு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் பம்மலிலிருந்து வந்த ஒரு பெண், கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தாள். துணைக்கு அவள் நாத்தனார். சிஸ்டர் வந்து "கூட யாரும்மா?" என்று கேட்டதும் நான் பையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். கீழே பாயில் உட்கார்ந்திருந்த அந்த நாத்தனார்தான் குரல் கொடுத்தாள்.

"நாந்தான் சிஸ்டர். எங்க அக்காதான் இது. ரெண்டு பேரையும் நானே பாத்துக்கறேன், வுடுங்க."

அப்படி எனக்கு ஒரு தங்கை கிடைத்தாள். கொண்டுவந்த ரசம் சாதத்தில் எனக்கும் பங்கு வைத்தாள். "இன்னாக்கா, மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு கீற?" என்று அதட்டினாள். கேட்காமலே என் தலையை வாரிப் பின்னிவிட்டாள். இன்னொருவர் கை என் தலையில் பட்டு எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது. வயிற்று வலி என்று சொல்லிச் சமாளித்தேன்.

என் ஆபரேஷன் அன்று காலையிலேயே பம்மல் பெண்ணுக்கு டிஸ்சார்ஜ். அடுத்த நோயாளிக்குக் கட்டில் வேண்டுமாம். "இவள வூட்ல வுட்டுட்டு வந்துர்றேன்க்கா" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு போனாள் என் தங்கை. வரவில்லை. கோபம் வந்தது. அவள் யார், நான் யார் என்று நினைத்ததும் அதுவும் போய்விட்டது.

தியேட்டருக்குக் கூட்டிப்போக வந்த சிஸ்டர் கேட்டார்: "தங்கச்சி எங்கம்மா?"

"கடைக்குப் போயிருக்கா."

சிஸ்டர் காலிக் கட்டிலைப் பார்த்தார். கீழே பாய் இருந்த இடத்தையும் பார்த்தார். "சரி, வந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தள்ளினார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் வாசலுக்கு வந்து, உள்ளேயிருந்து எடுத்ததை நோயாளியின் சொந்தக்காரர்களுக்குக் காட்டுவார். அவர்களும் எட்டிப் பார்த்து "ஐயோ, இவ்வளவு பெரிசா" என்பார்கள். எனக்கு நினைவு திரும்பியபோது தலைமாட்டில் ஒரு சின்ன டப்பா இருந்தது.

"டாக்டர் ரொம்ப நேரம் கூப்பிட்டாரும்மா. அப்புறம் நானே போய்ப் பாத்துட்டேன்" என்றார் சிஸ்டர். அவர் திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து டப்பாவை டிவி பக்கத்தில் வைத்தேன். தூக்கிப் போடவும் மனசில்லை. அந்த வாரம் வாசல் மணியை அடித்த முதல் ஆள் கேஸ் சிலிண்டர்காரர். சிலிண்டரை அவர் இறக்கி வைத்ததும், எனக்கு என்ன தோன்றியதோ, டப்பாவை எடுத்து வந்து திறந்து காட்டினேன்.

"இன்னா மேடம் இது, கொண்டக்கடல மாதிரி கீது?"

"என் வயித்துல இருந்து எடுத்தது."

"அய்யய்யோ, ஆபரேசனா? கூட யாரு இருந்தா?"

"தங்கச்சி."

அவர் என் தோளுக்கு மேலே வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "எங்க, காணமே?"

"கடைக்குப் போயிருக்கா" என்றேன்.